குப்பியின் கோடு

பாறசாலையில் உள்ள ஒரு லேபில், ஷைனி தங்கப்பனின் மூத்திரத்தை இரண்டாவது முறையாக, அடர்த்தியை அளக்கும் ஆஸ்மோமீட்டரில் வைத்துப் பார்த்தாள். அறுநூறைத் தாண்ட வேண்டிய நம்பர், மறுபடியும் நூற்றெண்பதிலேயே நின்றது.

“தங்கப்பன் அண்ணே, ராத்திரி பூரா தண்ணி குடிக்கப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா? இது வெறும் தண்ணி மாதிரியாக்கும் இருக்கு.”

“ஒரு சொட்டு குடிக்கல்ல மக்கா.”

“நான் கண்ணு மூடாம காவலிருந்தேன்” என்று மனைவி ஓமனா சாட்சி சொன்னாள்.

“அப்படின்னா கிட்னியில கோளாறு உண்டுன்னு டாக்டர் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிடுவாரு.”

ஓமனாவின் கண் கலங்கியது. தங்கப்பன் நெளிந்தார்.

“தண்ணி குடிக்காததுனால குப்பியில கால்வாசிதான் வந்துது. கோடு மேல கெடக்கு. கொறச்சு குடுத்தா மோசமில்லியா? பைப்புல தண்ணி பிடிச்சு கோடு வரைக்கும் நிறைச்சேன்.”

ஓமனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொங்கிவிட்டாள். “பாலுல செய்யுத வேலைய இதுலயும் செய்துட்டீங்களே!”

ஷைனி ஜன்னலோரம் ஆறிக்கொண்டிருந்த தன் டீயைப் பார்த்தாள்.

“எங்க கேண்டீனுக்குப் பால் கொண்டு வாறது...”

“நான்தான் மக்கா.”

அவள் புதுக் குப்பி ஒன்றை நீட்டினாள். “நாளைக்கு வந்தத மட்டும் கொண்டு வாங்க, கால்வாசி போதும். பொறவு அண்ணே, இந்த மெஷின் பாலையும் பிடிக்கும் ஆக்கும்.”

மறுநாள் தங்கப்பனின் நம்பர் எழுநூற்று இருபது. கேண்டீன் டீயில், ஷைனி வேலைக்குச் சேர்ந்த பிறகு முதன்முறையாக ஆடை படிந்திருந்தது.