தொட்டால் அமுங்கும் மஸ்கட்

லுஹர் தொழுதுவிட்டு வந்த ஸாஹிர், நோன்பு வாயோடு மஸ்கட் அல்வாத் துண்டொன்றைப் பிய்த்து வாயில் போட்டான்.

போட்டதென்னவோ கணினிக்குள்தான். கண்களை மறைத்து வி.ஆர். ஹெட்செட், ஒரு கையில் வயர்கள் பூட்டிய கையுறை. வெளிநாட்டுக் கம்பனியொன்றின் விளையாட்டுக்காக இனிப்புக்கடை ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். விரல் பட்டால் மஸ்கட் அமுங்க வேண்டும், விட்டால் மெல்ல நிமிர வேண்டும், இழுத்தால் நீண்டு அறுபட வேண்டும். வாய்க்குக் கிட்டப் போனதும் மறைந்துவிட வேண்டும்.

செய்வதெல்லாம் செங்கல் மாதிரியே வந்ததால், நிஜ மஸ்கட்டை மேசையில் ஒரு தட்டில் வைத்து மற்றக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்துத் திருத்தினான். கிழமைக்கணக்கில் மல்லுக்கட்டியது இன்றைக்குத்தான் சரிவந்தது. அந்தச் சந்தோசத்தில் உள்ளே ஒன்று, இன்னொன்று என்று ஆசை தீரத் தின்றான்.

ஹெட்செட்டைக் கழற்றினால், மேசையில் தட்டு காலி!

திக்கென்றது. விரலெல்லாம் பிசுபிசுத்தது. நாக்கால் உதட்டைத் தடவினான். இனித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பாவி, எந்தக் கையால் எதைத் தின்று தொலைத்தானோ!

வாசலில் வாப்பா சாலிஹ் நின்றார். சீனி வருத்தமென்ற நீரிழிவு வந்த பிறகும் ஒரு நோன்பையும் விடாத மனிசன் என்று உம்மா ஊரெல்லாம் பெருமையடிப்பது அவரைப் பற்றித்தான். கதவைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. கோபத்தில்தான் என்று ஸாஹிருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"வாப்பா, நான் நோன்ப முறிச்சிட்டன். கண் தெரியாம நிசத்தையே தின்டுட்டன்."

"மறந்து தின்டா முறியாது மகன்."

"மறந்தில்ல வாப்பா. உள்ளுக்க தின்னக்குள்ள ஆசப்பட்டுத்தானே தின்டன்!" கையுறையைக் கழற்றி மேசையில் போட்டான். "உம்மா குசினியில கஞ்சி காச்சுறா. அவட்டச் சொல்லிட்டு, பள்ளிவாசலுக்குப் போய் ஹஸரத்தையும் கேட்டுட்டு வாறன்."

எழும்பியவனைச் சாலிஹ் தோளில் பிடித்து உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார். மகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"சீனி இறங்கிக் கண் இருட்டிட்டு, தட்டுல கிடந்தத நான்தான் மகன் தின்ட... உம்மாக்குச் சொல்லிராத."