தொட்டிலுக்கு ஒரு பொட்டு

“இந்தத் தடவையும் திருப்பிட்டாங்கன்னா ஆர்டரு சேலத்துக்காரனுக்குப் பூடும், வளரு” என்றான் தங்கதுரை.

கல்வராயன் மலைமேல் உள்ள ஆஸ்பத்திரிக்கு, பிறந்த குழந்தைகளைப் படுக்கவைக்கும் தொட்டில்கள் தேவை. கள்ளக்குறிச்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தங்கதுரை மாதிரிக்கு ஒன்று செய்து கொடுத்தான். இரண்டு முறையும் ‘சுத்தம் போதாது’ என்று திரும்பி வந்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகு, முகம் பார்க்கிற பளபளப்பு. ஆனால் சோப்புத் தண்ணீரில் துடைத்த பிறகும் கிருமி இருப்பதாக ஆஸ்பத்திரி சிஸ்டர் செய்யும் பரிசோதனை சொல்கிறது. எங்கேதான் ஒளிந்துகொள்கிறது? அது அவனுக்குப் பிடிபடவே இல்லை.

வீட்டுக் கூடத்தின் நடுவே நின்ற தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் மனைவி வளர்மதி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“எந்த எடம்னு அந்த சிஸ்டரு சொன்னா கொறஞ்சா பூடுவாங்க? கேட்டா, ‘உங்களுக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும்’ன்றாங்க. என்னை ஏறெடுத்துக்கூடப் பாக்கல.”

“உங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா தொட்டில யாரு பாக்குறது?”

“அம்மாடி, இன்னா கறாரு. அவங்க புருஷன் எப்படித்தான் குடித்தனம் பண்றானோ.”

“அவருக்கு இன்னா, வேளாவேளைக்குச் சாப்டுட்டு வாய் பேசிக்கினு இருப்பாரு.”

அடுப்பை அணைத்துவிட்டு, குங்குமச் சிமிழோடு வந்தாள். தண்ணீரில் குழைத்து, தொட்டிலின் மூலைகளிலும் பக்கக் கம்பிகளிலும் தாராளமாகப் பொட்டு வைத்தாள்.

“ஏய், இன்னா பண்ற? இப்பதான் தொடச்சி வச்சேன்.”

“புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காம அனுப்புனா இப்படித்தான் திரும்பி வரும்.”

முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தான். எல்லாப் பொட்டும் போய்விட்டது. கம்பி சட்டத்தோடு சேரும் இடத்தில் மட்டும், நூல் போல ஒரு சிவப்புக் கோடு. அழுத்தித் துடைத்தான், போகவில்லை. நகத்தால் சுரண்டினான், நகம் நுழையவில்லை.

தங்கதுரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

துணி நுழையாத இடத்தில் தண்ணீர் நுழைகிறது. தண்ணீரோடு அழுக்கும் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே ஈரம் காய்வதில்லை. கிருமி குடியிருக்க அதைவிட நல்ல வீடு எது?

“வளரு, நான் தொடைக்கிறதப் பத்தியே யோசிச்சிக்கினு இருந்தேன். இடுக்கே இல்லன்னா?”

“சாப்டுட்டுப் போங்க” என்பதற்குள் அவன் பட்டறைக்குப் போய்விட்டான்.

கம்பிகளைக் கழற்றி எறிந்தான். ஒரே தகட்டை வளைத்துப் பக்கங்களை எழுப்பினான். மூலைகளை வாணலியின் உட்புறம் போல உருட்டினான். சேரும் இடமெல்லாம் இடைவெளி விடாமல் வெல்டிங் ஓட்டி, தழும்பே தெரியாதபடி தேய்த்தான். தொட்டிலைத் தனியாகத் தூக்கிக் கழுவ வசதியாக, தாங்கும் சட்டத்தின்மேல் சும்மா உட்காரவைத்தான்.

மலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவன், முடிவு வரும்வரை சரியாகத் தூங்கவில்லை.

முடிவு சொல்லும் நாளில், டாக்டர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பரிசோதித்த சிஸ்டர் பக்கத்தில் நின்று, தலை நிமிராமல் பேசினார்.

“இடுக்கே இல்ல சார். மூலையெல்லாம் வளைவு. ஒரே இழுப்புல துணி எல்லா எடத்துக்கும் போவுது. கிருமி இல்ல. தேறிடுச்சி.”

டாக்டர் தங்கதுரையின் கையைக் குலுக்கிவிட்டு வெளியே போனார்.

“ரொம்ப நன்றிங்க, சிஸ்டர்” என்றான் தங்கதுரை.

சிஸ்டர் அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“வூட்டுக்குப் போறப்ப ஒரு பாக்கெட்டு குங்குமம் வாங்கிக்கினு போங்க” என்றாள் சிஸ்டர் வளர்மதி. “சிமிழ்ல இருந்ததெல்லாம் உங்க தொட்டிலுக்கே பூடுச்சி.”