மிளகி போய்ச் சேர்ந்த வீடு

மிளகி என்ற எலி பிறந்தது ஓர் இசைத்தட்டு அலமாரிக்குள். வீட்டுக்காரர் பாட்டுப் போடுவார். மிளகியின் அம்மா குஞ்சுகளை அணைத்துக்கொண்டு கேட்பாள். எத்தனை பசித்தாலும் தட்டுகளின் அட்டையைக் கடிக்க விடமாட்டாள். "பாட்டு இருக்கிற இடம்டி, பல் படக் கூடாது" என்பாள்.

வளர்ந்த மிளகி, அரிசி மண்டியில் வாழும் தவிடனுக்கு வாக்கப்பட்டாள். அங்கே வயிறு நிறைந்தது, மனசு ஒட்டவில்லை. நாலாம் நாளே புருஷனை இழுத்துக்கொண்டு வயலின் வாத்தியார் வீட்டுப் பரணில் குடியேறினாள்.

"இங்கே ஒரு பருக்கைகூட இல்லையே!" என்று புலம்பினான் தவிடன்.

"கொஞ்சம் பொறுங்க, இப்போ ஆரம்பிப்பார்."

வாத்தியார் வாசித்தார். தவிடன் பரணின் விளிம்புவரை நகர்ந்து வந்து காதைத் தீட்டிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அவன் மண்டிக்கு ஓடிப்போய் அரிசி கொண்டுவந்தான். வாத்தியார் வில்லை எடுப்பதற்குள் மூச்சிரைக்கத் திரும்பியும்விடுவான்.