கடலைக் கொல்லையில் ஒன்பது

இரண்டாவது அடியிலேயே கழுத்து மடங்கிவிட்டது. முனிகிருஷ்ணன் தடியில் ஒட்டிய ரத்தத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஒண்ணக்கூட உசுரோட வுட மாட்டேன்" என்று அடுத்ததைத் துரத்தினான்.

அது வேலி முள்ளில் சிக்கிக்கொண்டு கத்தியது. எட்டி ஒரு உதை விட்டான். வேலியெல்லாம் கோழி இறகு.

தொண்ணூற்றிரண்டில் பெங்களூர் போனவன். ஆறு வருஷம் கம்பெனிக் கட்டடங்களுக்குக் கல் தூக்கி முதுகு விட்டுப்போய், போன மாதம்தான் சொந்த ஊர் குடுபல்லிக்குத் திரும்பி, இருந்த அரை ஏக்கரில் கடலை போட்டான். அது முளைத்தால் ஊரோடு பிழைப்பு. இல்லாவிட்டால் மறுபடி ரயில், மறுபடி கல். நாலு நாளாக அந்த விதையைத்தான் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவின் கோழிகள் கிளறித் தின்றன.

"கடல போனா போவட்டும். மறுக்கா விதைக்கு நான் வழி வச்சிக்கீறேன். உன்ன பெங்களூருக்கு வுட மாட்டேன்" என்று காலையில் அவன் மனைவி இந்திராணி சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தாள். பைத்தியக்காரி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ரத்தினம்மா கோழித் தீனிக்குப் பத்துப் பைசா செலவழிக்காதவள். பழைய பானையில் சாணியும் கோணியும் திணித்துக் கவிழ்த்து வைப்பாள். விடிந்தால் பானை நிறையக் கரையான். அவள் கைராசியைப் பார்த்து ஊரில் பலர் பெட்டைக்கோழியை அவளிடம் வாரத்துக்கு விட்டு, குஞ்சுகள் வளர்ந்ததும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். முனிகிருஷ்ணனுக்குக் கோழி என்றாலே ஆகாது. தன் வாசலில் ஒரு இறகு கிடந்தாலும் சண்டைக்குப் போவான்.

"ஒரு வார்த்த கேளு முனிகிருஷ்ணா" என்று ரத்தினம்மா ஓடிவந்து தடியைப் பிடித்தாள்.

"நாலு நாளா நான் சொன்னத நீ கேட்டியா?"

பிடித்துத் தள்ளினான். வரப்புக் கல்லில் மோதி அவளுடைய உதடு கிழிந்து, முந்தானையெல்லாம் ரத்தமானது. அவள் எழுந்துபோய் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு, தன் வாசலில் கவிழ்த்து வைத்திருந்த கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் அடித்து ஓய்ந்தபோது கொல்லையில் ஒன்பது கிடந்தன. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு பச்சைத் துணிக் கிழிசல். வீட்டில் எங்கேயோ பார்த்த பச்சை.

"கோழிக்குக் கொலுசு வேற" என்று காறித் துப்பிவிட்டு ரத்தினம்மாவின் வாசலுக்கு வந்தான். கூடைக்குள்ளும் கோழிகள் கொக்கரித்தன. "எந்திரி. அதுங்களையும் முடிச்சுடறேன்."

"கூடைய தொட்டா கை இருக்காது."

கத்தி அவன் மணிக்கட்டுக்கு நேராக நின்றது. அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒன்பது கோழி போயும் அழாதவளைப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அப்போது இந்திராணி தலையில் ஒரு பெரிய புது மூங்கில் கூடையோடு வந்தாள். கொல்லையைப் பார்த்தாள். கூடை நழுவி விழுந்து உருண்டது. ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, காலில் இருந்த பச்சைத் துணியைத் தடவித் தடவி அழுதாள்.

முனிகிருஷ்ணனுக்கு எரிச்சலாக வந்தது. "அவ கோழி செத்தா நீ இன்னாத்துக்குடி அழுவுற? அவளே அழுவல."

ரத்தினம்மா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"காலைலதான் நானும் அவளும் பிரிச்சோம். என் பாதி இந்தக் கூடைக்குள்ள கீது."