வீரியம் போன பாட்டில்

"இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா?" என்று சீறினார், ஒவ்வாமைச் சோதனைக்கு வந்திருந்த அலுவலக மேலாளர். அவர் முன்கையில் தூசிப்பூச்சிச் சாறு ஒரு சொட்டு விட்டு ஊசிமுனையால் குத்திய இடம் துளியும் தடிக்கவில்லை.

"தூசிப்பூச்சி உங்களுக்கு ஆகாதுன்னா, இந்த இடம் கொசு கடிச்ச மாதிரி வீங்கணும் சார். வீங்கல," என்றார் டாக்டரம்மா.

"அப்ப இத்தனை வருஷமா நான் தும்முறது நாடகமா?"

கல்யாணமான புதிதில் ஒட்டடை அடிக்கச் சொன்னபோது தொடங்கிய தும்மல் அது. அன்று முதல் வீட்டில் பெருக்குவது, துடைப்பது எல்லாம் மனைவி தலையில்தான். இப்போது அலுவலகத்தில் அவரைப் பழைய கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். 'தூசி ஆகாது' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம்.

பக்கத்தில் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள் மனைவி.

"எப்பப் பாரு ஜலதோஷம்! மூக்கை உறிஞ்சாதே, மானம் போகுது," என்று அவள்மேல் எரிந்து விழுந்தவர், மேசைமேல் இருந்த சாறு பாட்டிலைக் கையில் எடுத்தார். வெதுவெதுவென்று இருந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

நர்ஸ் விழித்தாள். "ஜன்னலோரம் சார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆனப்ப வெளியில எடுத்தது. திரும்ப உள்ள வைக்க மறந்துட்டேன்."

"பாலை வெளியில வெச்சாலே திரிஞ்சு போகுது. பூச்சியில எடுத்த சாறு வெயில்ல கிடந்தா வீரியம் இருக்குமா? இந்த அறிவுகூட இல்லாம உங்களுக்கெல்லாம் வெள்ளைக் கோட்டு ஒரு கேடு!"

டாக்டரம்மா அதே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டைத் தன் கையில் விட்டுக் குத்திக்கொண்டார். "எனக்கும் தூசிப்பூச்சி ஆகாது. சாறு நல்லா இருந்தா என் கை காட்டிக் கொடுத்துடும்."

காத்திருந்தார்கள். டாக்டரம்மாவின் கையும் வீங்கவில்லை.

"நீங்க சொன்னதுதான் சரி சார். கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்குங்க."

மேலாளர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஃப்ரிட்ஜிலிருந்து சில்லென்று புதுப் பாட்டில் வந்தது.

"இப்ப குத்துங்க. அப்படியே இவ கையிலயும் ஒண்ணு குத்துங்க. எருமைத் தோலு! பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் உங்களுக்கெல்லாம் வித்தியாசம் புரியும்."

டாக்டரம்மா அவளைக் கேள்வியாகப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். மூன்று கைகளிலும் குத்தி மறுபடி காத்திருந்தார்கள்.

டாக்டரம்மாவின் கை சிவந்து தடித்தது. "இந்தத் தடவை பாட்டில்மேல பழி போட முடியாது," என்றபடி மேலாளரின் கையைத் திருப்பினார். தடிப்பே இல்லாமல் வழித்துவிட்ட மாதிரி இருந்தது.

மனைவியின் கையிலோ ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வீக்கம். டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"எவ்வளவு நாளாம்மா இந்த ஜலதோஷம்?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"இது ஜலதோஷமே இல்ல. இந்தப் பூச்சி மெத்தையிலயும் தலையணையிலயும்தான் குடியிருக்கும். இனிமே நீங்க தூசி பக்கமே போகக் கூடாது."

அவள் எழுந்து, பையை மேலாளர் மடியில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போனதும் மெத்தையை நீங்க உதறுங்க."