தம்பிக்கு ஒரு கடிதம்

"ஏழைகளுக்கான அரசு உதவித்தொகை உங்க உரிமை, குவபாரா ஐயா. ஆனா முதல்ல உங்க தம்பிக்கு எழுதி, 'அண்ணனைக் காப்பாத்துவீங்களா'ன்னு கேக்கணும்," என்றாள் ஒசாகா வார்டு அலுவலகத்து மித்சுயே.

மூன்று நாளாக வெறும் நூடுல்ஸ் சூப் குடித்த வயிறு உட்காரச் சொன்னது. குவபாரா எழுந்துவிட்டார்.

"வேண்டாம்மா. என்னைக் கம்பெனி முதலாளின்னு நம்பிட்டிருக்கான். அவன் கப்பல் கேப்டன்!"

அடுத்த வாரம் அவரே வந்து, "கையெழுத்து எங்கே போடணும்மா?" என்றார்.

"தம்பிகிட்ட மானம் போயிடாதா?" என்றாள் மித்சுயே.

ஒரு கடிதத்தை நீட்டினார். தம்பி வசிக்கும் ஊரான ஹகோடாட்டேயின் நகராட்சி அவருக்கு எழுதியிருந்தது: 'உங்கள் தம்பி உதவித்தொகை கேட்டிருக்கிறார். கம்பெனி முதலாளியான நீங்கள் அவரைப் பராமரிக்க முடியுமா?'

மித்சுயே சிரிப்பை அடக்கினாள். "என்ன பதில் எழுதப்போறீங்க?"

"முடியாதுன்னுதான். உங்க கடிதமும் அவனுக்குப் போகட்டும். அண்ணனே வாங்குறான்னு தெரிஞ்சா, அந்தப் புளுகுமூட்டை கூச்சப்படாம வாங்கிப்பான்!"