நிலோஃபரின் நடை

அந்தக் கல்லூரி வளாகத்தில் அடையாள அட்டை கிடையாது. ஆளின் நடையைக் கேமராக்களில் பார்த்தே கணினி வலையமைப்பு கதவுகளைத் திறந்துவிடும். கணுக்கால் பிசகி மூன்று நாளாக நொண்டிக்கொண்டிருந்த நிலோஃபருக்குத் தேர்வுக்கூடத்தின் கதவு திறக்கவில்லை.

வலையமைப்பைப் பராமரிக்கும் அமலதாஸ் ஓடி வந்தார்.

"உன் புது நடையப் படிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கு. முடிய இன்னும் ரெண்டு நாளாகும்."

"பரீட்சை பத்து நிமிஷத்துல சார். நீங்களே திறந்துவிடுங்களேன்."

"அந்த அதிகாரம் எனக்கிருந்தா இந்தத் தொப்பையோட ஏன் ஓடியாறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊன்றுகோலை அவர் கையில் கொடுத்தாள்.

"பழைய நடைதானே கேக்குது? பாத்துக்கட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, நொண்டாமல் ஒன்பது அடி நடந்தாள். கதவு திறந்தது.

ஊன்றுகோலை அவளுடைய மேசையருகே சாய்த்துவைத்துவிட்டு வெளியே வந்த அமலதாஸ் கைத்திரையைப் பார்த்தார். பழைய நடையே நிலோஃபருடையது என்று உறுதியாகிவிட்டதாம். மூன்று நாளாகப் படித்து வைத்திருந்த நொண்டும் நடையை, வேறு யாருடையதோ என்று வலையமைப்பு அழித்திருந்தது.

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். அவள் எழுதத் தொடங்கியிருந்தாள். அடுத்த தேர்வு மறுநாள் காலையில்.